கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?

ஜூன் பிறந்தால் ஊரிலிருந்து எனக்கு போன் வர ஆரம்பிக்கும். கோவில்பட்டிப் பக்கம் யார் வீட்டுப் பெண்ணுக்காவது சென்னையில் காலேஜ் சீட் கிடைத்திருக்கும், காலேஜ் ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்காது. “நீ மெட்ராஸ்ல படிச்ச பிள்ளைதான, நல்ல ஹாஸ்டலா ஒண்ணு சொல்லேன்” என்பார்கள். நல்ல ஹாஸ்டல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. அது எனக்கே மனப்பாடம். காலேஜுக்குப் பக்கம், சாப்பாடு பரவாயில்லை, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, வாசலில் கேமரா, வார்டன் கொஞ்சம் கறாரான ஆள். கடைசியில், தனி அழுத்தத்தோடு ஒன்று வரும்: “எட்டு மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிரணும்.” ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்கிறது. வாடகையைவிட, சாப்பாட்டைவிட, ஒரு மாணவிக்கு எவ்வளவு சென்னை கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த எட்டு மணிதான். ஆனால் அதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. வசதிகளின் பட்டியலில், வைஃபைக்கும் ஆர்.ஓ. தண்ணீருக்கும் பக்கத்தில் எழுதுகிறார்கள்.

நான் எம்.ஏ. படிக்க 2016இல் சேப்பாக்கத்துக்கு வந்தேன். அப்பாவின் நண்பர் குடும்பம் வேளச்சேரியில் இருந்ததால், அவர்தான் லோக்கல் கார்டியன், ஆகவே ஹாஸ்டலும் வேளச்சேரிப் பக்கம். மூன்று பேருக்கு ஓர் அறை. ஆளுக்கொரு இரும்புக் கட்டில், பாதி பீரோ, ஒரு பிளக் பாயிண்ட். அறையைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. கேட் டைம் எட்டு. தாமதமாக வந்தால் நோட்டில் கையெழுத்து, அது தொடர்ந்தால் வீட்டுக்கு போன். வார்டன் அக்கா கெட்டவர் இல்லை. மழையில் நனைந்து வந்தால் சுக்குக் காப்பி போட்டுத் தருவார். ஆனால் எட்டு மணிக்கு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

கணக்கு எளிது. வகுப்பு முடிவது நாலரைக்கு. சேப்பாக்கத்திலிருந்து பறக்கும் ரயிலில் வேளச்சேரி, அங்கிருந்து நடை, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். எட்டுக்குள் உள்ளே இருக்க வேண்டும் என்றால் ஏழுக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டும், ரயில் பிந்தினால் என்ற பயத்தில் ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஆக, எனக்கு வாய்த்த சென்னை நாலரையிலிருந்து ஆறரை வரை. வெயில் தாழ்ந்து, கடற்காற்று ஏறி, கடைகளில் விளக்குப் போட்டு இந்த ஊர் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும் நேரத்தில் நான் முதுகில் பையோடு பிளாட்பாரத்தில் நிற்பேன்.

சென்னையில் மாணவர்களுக்கு உரியவை எல்லாம் பெரும்பாலும் சாயங்கால விஷயங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இரவு வரை திறந்திருக்கும். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. தேர்வு நேரத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மார்கழியில் சபாக்களில் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், வளர்ந்துவரும் பிள்ளைகள் பாடுவார்கள். பெரிய வித்வான்கள் மேடையேறுவது ஆறு மணிக்கு மேல், மிருதங்கத் தனி ஆவர்த்தனம் வரும்போது கேட்டு ரசிக்க நான் இருக்க மாட்டேன். இலக்கியக் கூட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆறு மணிக் கூட்டம் என்றால் ஆறரைக்கு மைக் டெஸ்ட் செய்வார்கள், அப்புறம் வரவேற்புரை. நான் வரவேற்புரைகள் மட்டும் நிறையக் கேட்டிருக்கிறேன். பர்மா பஜார் எதிரே அத்தோ கடைகள் இருக்கின்றன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயமும் புளித்தண்ணியும் விட்டு, கூடவே வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருவார்கள். பொழுது சாய்ந்தால்தான் அங்கே வியாபாரம் களைகட்டும். முதல் வருடம் முழுக்க வகுப்புப் பையன்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு எச்சில் விழுங்கியதோடு சரி.

இதெல்லாம் சொகுசு, படிக்க வந்த பிள்ளைக்கு எதற்கு அத்தோ என்று கேட்பவர்கள் உண்டு. சரி, அத்தோவை விட்டுவிடுவோம். பஸ், ரயிலைப் பார்ப்போம். எட்டு மணி கேட்டுக்குப் பயந்து, அந்தப் பகுதி ஹாஸ்டல்களில் இருந்த அத்தனை பெண்களும் ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் வண்டி ஏறினோம். ஆபீஸ் விடும் நேரம். கால் வைக்க இடம் இருக்காது. உரசல், இடி, தெரியாமல் பட்டதுபோல் படும் கை எல்லாம் அந்த நெரிசலில்தான். பிற்பாடு ஒன்பது மணி பஸ்ஸில் போக ஆரம்பித்தபோது ஜன்னலோர சீட் கிடைத்தது. கண்டக்டர் நிதானமாகச் சில்லறை கொடுத்தார். எங்கள் பாதுகாப்புக்காக வைத்த விதி எங்களை ஊரிலேயே மோசமான நெரிசலுக்குள் தினமும் தள்ளிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

இருட்டில் பயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பறக்கும் ரயில் ஸ்டேஷன்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபம் நாலைந்தைச் சேர்த்துக் கட்டியதுபோல் அகலம், ஆனால் பல ஸ்டேஷன்களில் கடை கிடையாது, ஆள் கிடையாது, பாதி விளக்கு எரியாது. எட்டு மணிக்கு மேல் அந்தப் படிகளில் தனியாக இறங்கும்போது எனக்கும் நடை வேகமாகும். அதற்கு விளக்குப் போடலாம், கடை வைக்கலாம், ரயிலை அடிக்கடி விடலாம். இவை எல்லாம் அரசாங்க வேலை, மெதுவாக நடக்கும். கேட்டைப் பூட்டுவது ஒரு நிமிட வேலை.

மேன்ஷன் பையன்கள்

எங்கள் வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இருந்தார்கள். அந்த அறைகளைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்டால் எங்கள் ஹாஸ்டல் அரண்மனை. ஒருவர் படுத்தால் இன்னொருவர் காலை மடக்க வேண்டிய அகலம், மாடிக்கு ஒரு குளியலறை, காலையில் பக்கெட்டோடு வரிசை, வருடம் முழுக்க மூட்டைப்பூச்சி. ஆனால் அவர்களில் யாரும் அறையில் இருந்ததே இல்லை. அறை என்பது பெட்டியை வைக்கவும் படுக்கவும் மட்டும். காலையில் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, சாயங்காலம் பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பழைய புத்தகம், அந்த ரோட்டுக்குப் பாரதி சாலை என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆகியும் அவர்கள் பழைய பெயரில்தான் சொல்வார்கள். ராத்திரி டீக்கடை பெஞ்சில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் சீனியர்களோடு விவாதம். அந்த சீனியர்களிடம் கேட்டுத்தான் எந்தப் பயிற்சி மையம் உருப்படி, யாரிடம் நோட்ஸ் வாங்கலாம், எங்கே பகுதி நேர வேலை இருக்கிறது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டார்கள். ஒருவன் சாயங்கால ஷிஃப்டில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போய்த் தன் ஃபீஸைத் தானே கட்டினான். எங்களுக்கு அந்த வேலை கிடைத்திருந்தாலும் போயிருக்க முடியாது, ஷிஃப்ட் முடிவது ஒன்பதரைக்கு.

இதில் எனக்குப் பொறாமை இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வகுப்பில் ஒரே பெஞ்சு, ஒரே பாடம், ஒரே ஃபீஸ். ஆனால் இரண்டு வருடம் கழித்து அவர்கள் பைக்குள் இருந்தது வேறு. அவர்களுக்கு ஊரில் ஆட்களைத் தெரிந்திருந்தது.

பூட்டினால் பத்திரம் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் படிப்பை முடித்த அதே 2018இன் டிசம்பரில், ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் குளியலறையிலும் அறைகளிலும் ரகசிய கேமரா வைத்திருந்ததாக அதை நடத்தியவரே கைதானார். அங்கே தங்கியிருந்த பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதிகள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் முடுக்கிவிட்டது. பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது என்பது வேறு விஷயம். அந்தச் செய்தியைப் படித்த அன்று, எங்கள் வீட்டில் யாராவது ஒருவராவது விடுதிக்காரரின் லைசென்ஸைக் கேட்டிருப்பார்களா என்று யோசித்தேன். கேட்டதில்லை. ஆபத்து தெருவிலிருந்துதான் வரும் என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவிகள் விடுதிக்கு மட்டும் ஆண்களுக்கு இல்லாத விதிகளைப் போடக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே எழுதி வைத்திருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளில், 2016 மே மாதம் அரசிதழில் வந்தது. அதற்கு முந்தைய வருடம் டெல்லியில் மாணவிகள் பிஞ்ரா தோட் (‘கூண்டை உடை’) என்ற பெயரில் இதற்காகவே போராட ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் யுஜிசி விதி கல்வி நிறுவனங்களுக்குத்தான். காலேஜில் இடம் கிடைக்காமல் தனியார் விடுதிக்குப் போகும் பெண்ணுக்கு அங்கே ஒட்டியிருக்கும் லேமினேட் செய்த தாள்தான் சட்டம்.

ஆளுக்கொரு சாவி

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வீடு பார்ப்பது என்று முடிவெடுத்தோம். காசும் ஒரு காரணம், ஹாஸ்டலுக்குக் கொடுப்பதை நாலு பேர் சேர்த்தால் ஒரு மாடி போர்ஷன் கிடைக்கும். ஆனால் கல்யாணமாகாத நாலு பெண்களுக்குச் சென்னையில் வீடு பார்ப்பது தனிப் படிப்பு. ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று பலகையிலேயே இருந்தால் நல்லது, நேரம் மிச்சம். பலகையில் இல்லாதவர்கள் வாய்விட்டுக் கேட்டார்கள். அப்பா என்ன செய்கிறார், அசைவம் சமைப்பீர்களா, ஊரில் எந்தத் தெரு. எந்தத் தெரு என்ற கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருவர் மட்டும் சுற்றி வளைக்காமல் “நீங்க என்ன ஆளுங்க?” என்றே கேட்டார். கேள்விகளைத் தாண்டினால் அட்வான்ஸ், பத்து மாத வாடகை. புரோக்கருக்கு ஒரு மாதம். வேறு விதமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம். எங்கள் காலத்தில் அதுவும் இல்லை. இப்போது இருந்தும், அந்த ‘ஒழிய’ வழியாகப் பத்து மாதம் உள்ளே வந்துவிடுகிறது.

கடைசியில் ஜாம்பஜார் பக்கத்தில் ஒரு சந்தில் மாடி கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். எழுபதை நெருங்கும் வயது, கணவர் இல்லை, மகன் பெங்களூரில். எங்களை உட்காரவைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, “தண்ணி மோட்டார் போடத் தெரியுமா?” இரண்டாவது, “துணியைக் கொடியில காயப்போட்டா கிளிப் மாட்டுவீங்களா?” அவ்வளவுதான். அட்வான்ஸ் ஐம்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் வேலூர்க்காரிதான் துணிந்து கேட்டாள், “ராத்திரி எத்தனை மணிக்குள்ள வரணும் ஆன்ட்டி?”

அவருக்குக் கேள்வி புரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மேசை டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். “கேட்டுக்கு ஒண்ணுதான் இருக்கு. முக்குல சாவி போடுறவர் இருக்காரு, நாலு பேரும் ஆளுக்கொண்ணு போட்டுக்கோங்க. நடுராத்திரில பெல் அடிச்சு என்னை எழுப்புற வேலை மட்டும் வேணாம்.”

பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். வெளியூருக்குப் பேச ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டியிருந்த டிரங்க் கால் காலம். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரி பத்து மணிக்கு முடியும் ஷிஃப்டெல்லாம் பார்த்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர்களோடு பேசிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். இதை ஏதோ சாதனைபோல் சொல்லவில்லை. டூட்டி அப்படி இருந்தது, அவ்வளவுதான் அவருக்கு. எங்கள் அம்மாக்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், அவரிடம் ‘அந்தக் காலத்தில் பெண்கள்’ என்று யாரும் ஆரம்பிக்க முடியாது.

சாவி போடுபவர் ஒரு சின்ன அரத்தை வைத்து நாலு நிமிடத்தில் ராவிக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்து, போட்டுப் பார்த்து, திரும்பப் பூட்டி, இன்னொருத்தி திறந்து பார்த்து, கேட்டருகே நாங்கள் அடித்த கூத்தைப் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவர் என்ன பிரச்சினை என்று விசாரித்தார். அப்புறம் நடந்ததுதான் எனக்கே வேடிக்கை. அந்த முதல் வாரம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஏழு மணிக்கெல்லாம் நாலு பேரும் வீட்டில் இருந்தோம். மொட்டை மாடியில் பாயை விரித்து, டீ போட்டுக் குடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். ஊர் சுற்றத்தான் எங்களுக்குச் சாவி தேவைப்பட்டது என்று நினைத்திருந்தேன். பூட்டு இருந்தவரை ஒவ்வொரு சாயங்காலத்தையும் பிடுங்கிக்கொண்டதாகத் தோன்றியது, அது போனதும் வீட்டில் இருப்பதும் எங்கள் விருப்பமாகிவிட்டது. களைப்பாக இருந்தால் வந்து படுத்தோம், யாரும் எங்களை உள்ளே போடவில்லை.

ஊர் மெதுவாகத்தான் விரிந்தது. வேலூர்க்காரி நுங்கம்பாக்கத்தில் அலியான்ஸ் பிரான்சேஸில் சாயங்கால பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தாள். இன்னொருத்தி மயிலாப்பூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டரை வரை டியூஷன் எடுத்தாள், அவள் பங்கு வாடகை அதிலிருந்தே வந்தது. நான் தேர்வு மாதங்களில் கோட்டூர்புரத்தில் நூலகம் மூடும்வரை இருந்துவிட்டு ரயில் பிடித்தேன். டிசம்பரில் கடைசி வரிசை டிக்கெட் வாங்கி, முழுக் கச்சேரியும் மங்களம் வரை கேட்டேன். அத்தோ சாப்பிட்டேன். இவ்வளவு எதிர்பார்த்த பிறகு சுமார்தான், சூப் மட்டும் பிரமாதம். மெரினாவில் பத்து மணிக்கு மேல் போலீஸ் விசிலடித்து எல்லோரையும் கிளப்புவார்கள் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கடலுக்கும் கேட் டைம் இருக்கிறது, ஆனால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

அம்மாவின் போனும் மாறியது. ஹாஸ்டல் காலத்தில் எட்டேகாலுக்கு அடிப்பாள், “உள்ள வந்துட்டியா?” என்பாள், வந்துட்டேன் என்பேன், முடிந்தது. வீட்டுக்கு மாறிய பிறகு அப்படி முடியவில்லை. எங்கே இருக்கிறாய், யாரோடு, என்ன கச்சேரி, எந்த ஸ்டேஷனில் இறங்குவாய் என்று கேட்டாள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க என் நாட்கள் அவளுக்குத் தெரிய ஆரம்பித்தன. சென்னைக்கு ஒரே ஒரு தடவை வந்த அம்மா, கோட்டூர்புரத்துக்கு அடுத்து கிரீன்வேஸ் ரோடு, அப்புறம் மந்தைவெளி என்று வரிசையாகச் சொல்லுவாள்.

சித்தி வந்த கதை

இந்த வருடம் போன் வரவில்லை, சித்தியே மகளோடு வந்து இறங்கிவிட்டாள். அண்ணா சாலைப் பக்கம் கல்லூரி. நாங்கள் மூவரும் ஏறி இறங்கிய விடுதிகளில் இப்போது என்னென்னவோ வந்துவிட்டது. விரல்ரேகை வைத்தால் திறக்கும் கதவு, பெற்றோர் போனுக்குக் குறுஞ்செய்தி, வாஷிங் மெஷின். ஓரிடத்தில் மூன்று பேர் அறைக்கு மாதம் 8,500 ரூபாய் சொல்லிவிட்டு “ஜிஎஸ்டி தனி” என்றார் மேனேஜர். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாள் தங்கினால் வரி கிடையாது என்று 2024 ஜூனிலேயே ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்துவிட்டதைச் சொன்னேன். ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். எல்லாம் மாறியிருந்தது, எட்டு மணி மட்டும் எட்டரைக்கு நகர்ந்ததோடு சரி. 2021இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, இந்தப் பெண் காசில்லாமல் எண்ணூர் வரைகூடப் போய் வரலாம், எட்டரைக்குள் திரும்பினால்.

சித்தியோடு நான் வாதம் செய்யவில்லை. செய்தால் தோற்பேன். விடுதி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் காலை பதினோரு மணிக்கு வருகிறார்கள், அப்போது எல்லா விடுதியும் சுத்தமாக, அமைதியாக இருக்கும். நான் சித்தியைச் சாயங்காலம் அழைத்துப் போனேன். அவளுக்கு மிகவும் பிடித்திருந்த விடுதியின் வாசலுக்கு எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் நிறுத்தத்திலிருந்து பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருத்தி மெயின் ரோட்டைக் குறுக்கே கடந்தாள், பைக்காரன் பிரேக் பிடித்துத் திட்டினான், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எதுக்கு இந்த ஓட்டம் ஓடுதா?” என்றாள் சித்தி. நான் மணியைக் காட்டினேன்.

மறுநாள் ராயப்பேட்டையில், முந்தின நாள் சித்தி ஒதுக்கிவைத்த ஒரு விடுதிக்கே திரும்பப் போனோம். கேட் டைம் பத்து. அதற்கு மேல் என்றால் முன்கூட்டிச் சொன்னால் போதும், வாட்ச்மேன் திறப்பார். லைசென்ஸ் நகல் ஆபீஸ் சுவரில் தொங்கியது, படித்துப் பார்த்தேன், காலாவதியாகவில்லை. அறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போகும் ஏற்பாடு அங்கேயும் உண்டு, எனக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் சித்தி பத்து மணிக்கு இறங்கி வந்ததே அதை நம்பித்தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் சித்தி போன் செய்தாள். “என்ன ஹாஸ்டல் பாத்துக் குடுத்த? சாம்பார்ல பருப்பே இல்லையாம்ல.” இல்லைதான், சேர்க்கும்போதே அங்கிருந்த பெண்கள் சொன்னார்கள். திருவல்லிக்கேணி பக்கம்தானே, ரத்னா கஃபேயில் ராத்திரியும் இட்லி கிடைக்கும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் என்றேன்.